குருசடைத் தீவும் நம் மாணவர்களும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், இராமேசுவரத்தை அடுத்துள்ள ஒரு சிறு தீவைப் பற்றி நாம் எழுத முற்பட்டது ஏன் என்று இளைஞர்கள் வினவக்கூடும். சங்கம் நடத்திய மாலை வகுப்புகளைப் பற்றியும், வழங்கிய நூல்களைப் பற்றியும், படித்துப் பட்டம் பெற்று வெளியேறிய பிள்ளைகளைப் பற்றியும் இம்மலரில் பிறர் எழுதுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள், சென்னைக் கல்லூரிகளில் விலங்கியலும் தாவரவியலும் பயில்வோர் பல தலைமுறைகளாகச் சென்றுவரும் குருசடைத் தீவுக் கல்விச் சுற்றுலாவின் வரலாறு ஆகும். அத்தீவின் செல்வத்தை முதலில் அறிந்தவர் யார்? அதை நூலாக எழுதியவர் யார்? நேரிற் சென்று காணும் வாய்ப்பைப் பெற்றவர் யார்? பெறாமல் நின்றவர் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை தேடினால், கல்வி நம்மவரிடம் எவ்வழியே வந்தது, எவ்விடத்தில் இன்னும் தடைப்பட்டு நிற்கிறது என்பது புலப்படும்.

அடையாற்றங்கரைப் பள்ளி

நம் வரலாற்றை நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். பிரம்மஞான சபை 1882ஆம் ஆண்டின் இறுதியில் தன் தலைமையிடத்தை அடையாற்றின் தென்கரையில் அமைத்துக்கொண்டது. அச்சபையின் தலைவரான கர்னல் ஆல்காட், 1894ஆம் ஆண்டில் ஊரூர்ப் பகுதியில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அந்நாளில் 'பஞ்சமர்' என்று ஒதுக்கப்பட்ட நம் மக்களின் பிள்ளைகளுக்கென்றே திறக்கப்பட்ட பள்ளி அது. மற்றப் பள்ளிகளின் வாயில் நமக்கு அடைத்திருந்த காலம். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. ஊரூர்ப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயரோடு நடந்து வருகிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898ஆம் ஆண்டில் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார் என்பதும், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பதும் நம் இளைஞர் அறிந்ததே.

அப்பள்ளி அமைந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். வடக்கே ஆற்றின் கழிமுகம், கிழக்கே கடல். பள்ளிக்கு வந்த பிள்ளைகள் சேற்றில் துள்ளும் உளுவையையும், வளையில் ஒளியும் நண்டையும், கழியில் கூட்டமாய் ஏறிவரும் மடவைக் குஞ்சுகளையும் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆற்றுவாயை மணல் எப்போது அடைக்கும், மழைவெள்ளம் எப்போது அதை உடைக்கும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் எவ்வளவு உள்வாங்கும் என்பன அவர்களுக்குப் பெற்றோர் வழியே வந்த அறிவு. ஆயினும் பலகையில் எழுதிப் படித்த பாடத்துக்கும் இவ்வறிவுக்கும் தொடர்பு இருப்பதாக அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எழுத்தறிவு பெறுவதே பெரும் போராட்டமாக இருந்த அந்நாளில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் அதே காலத்தில், அதே நகரில், கடலுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி வேறொரு கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது.

அருங்காட்சியகமும் அளவுகோலும்

அக்கட்டடம் எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம். 1851ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் இராமேசுவரத்துக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் சென்று, அங்குள்ள கடலுயிர்களைப் பற்றி 1887ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையும், முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு ஆகியவற்றையும் சேர்த்து 1890ஆம் ஆண்டில் மற்றொரு நூலும் வெளியிட்டார். பவளம், கடற்பஞ்சு, நட்சத்திர மீன், கடல் அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் கண்ணாடிச் சாடிகளில் இட்டு எழும்பூருக்குக் கொண்டுவந்தார். தென்னாட்டுக் கடலாராய்ச்சியின் முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவருக்கு வேறொரு பணியும் இருந்தது. கடலுயிர்களை அளந்த அதே கை, பின்னர் மனிதரை அளக்கத் தொடங்கியது. நம் முன்னோரின் மண்டையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, அவ்வெண்களை அட்டவணையாக்கினார். 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' என்னும் நூலில் அவை இடம்பெற்றன. சாடியில் கிடந்த நண்டுக்கும் அளவுகோலின் முன் நிறுத்தப்பட்ட பறையருக்கும் அந்த அறிவியல் ஒரே முறையைக் கையாண்டது. அளப்பவர் ஒருவர்; அளக்கப்படுவது மற்றொன்று. அளக்கப்படுபவரிடம் ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்று அது கருதவில்லை.

அந்நூலிலேயே கடையர் என்னும் மக்களைப் பற்றிய குறிப்பு உண்டு. இராமேசுவரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடற்கிளிஞ்சல்களைப் பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுபவர் என்றும், முத்துக் குளிப்போருள் ஒரு பகுதியினர் இவர்களிடமிருந்தே திரட்டப்படுகின்றனர் என்றும் தர்ஸ்டன் எழுதுகிறார். பெயருக்குக் 'கடைசியானவர், தாழ்ந்தவர்' என்று பொருளும் கூறிவிடுகிறார். தமிழ்நாட்டுப் பட்டியல் வகுப்பினர் வரிசையில் இன்றும் இப்பெயரைக் காணலாம். மூச்சடக்கிக் கடலடியில் இறங்கி, எந்தப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறது, எங்கே சங்கு மேய்கிறது என்று கண்டு சொன்ன மக்களுக்கு நூலில் கிடைத்த இடம் இது. அவர்கள் எடுத்துத் தந்த சங்கு வங்காளத்தில் வளையலாயிற்று. சிப்பி அரசின் கருவூலத்துக்கு வருவாயாயிற்று. உயிரினங்கள் அருங்காட்சியகத்துக்குப் பொருளாயின. எடுத்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

தீவு நூலான கதை

சென்னைக் கடற்கரை மணலும் பேரலையும் கொண்டது. பவளப்பாறைத் திட்டுகள் இங்கில்லை. ஆகவே பவளமும் அதைச் சார்ந்த உயிர்களும் உயிரோடிருக்கும் நிலையில் காண விரும்பும் சென்னை மாணவர் தென்கோடிக்குச் செல்லவேண்டியதாயிற்று. 1914ஆம் ஆண்டில் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்டு இரயில் ஓடத் தொடங்கியதும் அப்பயணம் எளிதாயிற்று. எழும்பூரில் மாலையில் ஏறியவர் மறுநாள் மண்டபம் கடற்கரையில் நிற்கலாம்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றுள் பாம்பனை அடுத்துள்ளது குருசடை. பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதாவது 160 ஏக்கருக்குச் சற்று மிகுதி. நம் நகரத்தின் ஒரு பேட்டை அளவே இருக்கும் அத்தீவைச் சுற்றிப் பவளத்திட்டு, கடற்புல் வெளி, சேற்றுநிலம், மணற்கரை, கண்டற்காடு ஆகிய அனைத்தும் நடந்து பார்க்கும் தொலைவில் உள்ளன. இதனாலேயே உயிரியலாளரின் சொர்க்கம் என்று அதை அழைத்தனர்.

1927ஆம் ஆண்டில், அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் கிரேவ்லியும் பிற அறிஞரும் எழுதிய குருசடைத் தீவுக் கரையோர உயிரினங்கள் பற்றிய ஆய்வுத் தொகுதி வெளியாயிற்று. அதே தொகுதியில் தீவின் பாசியினங்களைப் பற்றி எழுதியவர் பார்த்தசாரதி ஐயங்கார். சென்னை மாநிலக் கல்லூரியோடும் பல்கலைக்கழகத்தோடும் தொடர்புடைய அவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். அன்று முதல் அத்தொகுதி கையேடாகவும் தீவு பாடநூலாகவும் ஆயின. கல்லூரிதோறும் இறுதியாண்டு மாணவரை அங்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் மத்திய அரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் தோன்றி மண்டபத்தில் நெடுங்காலம் இயங்கியது. 1971ஆம் ஆண்டில் அதன் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் அதன் ஆய்வுப் பணி தொடர்கிறது.

அதே 1927ஆம் ஆண்டின் மார்ச் மாதம் 20ஆம் நாளை நம் இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும். அன்றுதான் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரில் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதற்காக நம் மக்கள் தாக்கப்பட்டனர். குளத்தைத் தீட்டுக் கழிப்பதாகக் கூறிச் சாதியினர் சடங்கும் செய்தனர். ஒருபுறம் ஒரு தீவைச் சூழ்ந்த நீரில் வாழும் சிற்றுயிர்கள் யாவும் பெயர் பெற்றுக்கொண்டிருந்தன. மறுபுறம் மனிதர் சிலர் பொதுக்குளத்து நீரைத் தொட்டதற்கு அடிபட்டனர். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நடந்தவை. அறிவியல் வளர்ந்தால் மட்டும் போதாது, அதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தீவில் காண்பவை

தீவுக்குச் செல்லாத நம் பிள்ளைகளுக்காக, அங்குக் காண்பவற்றை இங்குச் சுருங்கக் கூறுவோம்.

மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகவும் வற்றும் வேளையைக் கணக்கிட்டே பயணம் வகுக்கப்படும். படகு கரையிலிருந்து தொலைவிலேயே நின்றுவிடும். முழங்காலளவு நீரில் நடந்தே கரையேற வேண்டும்.

மணலில் முதலில் எதிர்ப்படுபவை நமக்குப் பழகியவைதாம். அடம்புக்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பற்றிப் பிடித்திருக்கின்றன. பட்டினப்பாக்கத்திலும் திருவான்மியூரிலும் நாம் கண்ட செடிகளே இவை. இவற்றின் வேர்வலை இல்லையேல் காற்று மணலை அள்ளிச் சென்றுவிடும். உள்ளே குடைவேல மரங்களும் தாழையும் உள்ளன. உவர்ச்சேற்றில் கண்டல் வகைகள் நிற்கின்றன. இவற்றுள் சில, சேற்றில் காற்றில்லாமையால் வேரை மேல்நோக்கி நீட்டி மூச்சுவிடுகின்றன. சில, விதையை மரத்திலேயே முளைக்கவிட்டு நாற்றாகவே கீழே விழச்செய்கின்றன. உப்பு மிகுந்த மண்ணில் விதையாக விழுந்தால் பிழைப்பது அரிதென்பதால் அமைந்த ஏற்பாடு அது.

நீருக்குள் கடற்புல் வெளிகள் உள்ளன. இவற்றைப் பாசி என்று பலர் மயங்குவர். இவை வேர், தண்டு, பூ, விதை ஆகிய யாவும் உடைய உண்மையான பூக்கும் தாவரங்கள். ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வது இப்புல்லையே. பாசிகளுக்கோ வேருமில்லை, பூவுமில்லை. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று அக்கரைப் பெண்கள் இவற்றை அழைப்பர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி ஆகியவற்றிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் கிடைக்கிறது. மருத்துவமனை ஆய்வகத்தில் நோய்க்கிருமிகளை வளர்த்துப் பார்க்கப் பயன்படுவது அதுவே. நம் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் காரணம் கண்டறியும் தட்டிலும் கடற்பாசியின் பங்கு உண்டு.

வற்றிய திட்டில் பவளங்கள் தோன்றும். பார்வைக்குக் கல், உண்மையில் சிற்றுயிர்கள் கட்டிய குடியிருப்பு. கடல் அட்டையும், முட்களை ஆட்டும் கடல் முள்ளெலியும், தொட்டால் சுருங்கும் கடற்சாமந்தியும் காணலாம். எல்லாவற்றினும் மாணவர் ஆவலோடு தேடுவது பலனோகிளாசஸ் எனப்படும் அரைநாணியை. குருசடையில் கிடைப்பது இவ்வகையைச் சேர்ந்த டைக்கோடெரா என்னும் உயிர். பார்ப்பதற்கு மெல்லிய மஞ்சள் நிறப் புழு. மணலில் புதைந்து, மணலையே தின்று, அதையே சுருள்சுருளாக வெளித்தள்ளும். மருந்துக்கடை நெடியொன்று அதன் உடலிலிருந்து வீசும். இச்சிறு புழுவிடம் மீனுக்கு இருப்பது போன்ற செவுள் துளைகள் உள்ளன. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடையேயான உறவை விளக்க உதவுவதால், தேர்வுதோறும் அதைப் பற்றிய வினா தவறாது வரும்.

இதைப் படத்தில் பார்த்தவனுக்கும் ஈரமணலிலிருந்து தன் விரலாலேயே தோண்டி எடுத்துப் பார்த்தவனுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னவன் பாடத்தை நம்புகிறான். பின்னவன் பாடத்தைச் சோதித்துப் பார்க்கும் துணிவைப் பெறுகிறான்.

பட்டியலிலிருந்து நீங்கும் பெயர்

இத்துணிவு நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

நம் சங்கத்தில் பழகிய மாணவர்களிடம் நாம் மீண்டும் மீண்டும் கேட்ட செய்தி ஒன்றுண்டு. கல்லூரி அறிவிப்புப் பலகையில் சுற்றுலாப் பட்டியல் ஒட்டப்படும். முதல் வாரம் அனைவரும் பெயர் கொடுப்பர். பணம் செலுத்த வேண்டிய நாள் நெருங்கும்போது சில பெயர்கள் அடிக்கப்படும். அடிபட்ட பெயர்களுள் நம் பிள்ளைகளின் பெயர் தவறாமல் இருக்கும். 'பணமில்லை' என்று அவர்கள் சொல்வதில்லை. காய்ச்சல் என்பர், தங்கைக்குத் திருமணப் பேச்சு என்பர், பயணம் ஒத்துக்கொள்ளாது என்பர். மயிலாப்பூர்ப் பகுதியில் வளர்ந்த ஒரு மாணவி, தன்னோடு படித்தவர்கள் திரும்பி வந்த பின், தோழியின் பதிவேட்டைப் பார்த்தே அரைநாணியின் படத்தை வரைந்து கையொப்பம் பெற்றாள். மதிப்பெண் குறையவில்லை. 'படம் நன்றாக வந்தது. அந்தப் புழுவின் நெடி எப்படியிருக்கும் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை' என்று பின்னாளில் நம்மிடம் சிரித்தபடியே கூறினாள். அச்சிரிப்பே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

இத்தடையை அண்ணல் அம்பேத்கர் முன்பே உணர்ந்திருந்தார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942ஆம் ஆண்டில் அவர் அளித்த விண்ணப்பத்தில், அறிவியலும் தொழில்நுட்பமும் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென ஆண்டுதோறும் 2 இலட்சம் ரூபாயும், வெளிநாட்டுக் கல்விக்கு 1 இலட்சம் ரூபாயும் ஒதுக்கவேண்டும் என்று கோரினார். மற்றப் படிப்புகளைச் சொல்லாமல் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் அவர் பெயரிட்டுக் கேட்டதைக் கவனிக்க. செலவு மிகுந்ததும், ஆய்வகமும் பயணமும் இன்றிப் பயில இயலாததும், நம்மவர் எளிதில் விலக்கப்படுவதும் அத்துறைகளே என்பதை அவர் அறிந்திருந்தார். அதன் பயனாக 1944ஆம் ஆண்டில் தோன்றியதே மேற்படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம். சைதாப்பேட்டையில் எம். சி. ராஜா பெயரால் விளங்கும் விடுதியிலும் அதுபோன்ற பிற விடுதிகளிலும் தங்கிப் பயின்ற பல்லாயிரவர்க்கு அத்தொகையே ஊன்றுகோல்.

அத்திட்டத்தின் விதிகளில் கல்விச் சுற்றுலாப் படி என்று ஒன்று இருந்தது. 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிப்படி அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 1,600 ரூபாய். ஆனால் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயில்வோர்க்கே அது உரியது. சுற்றுலா படிப்புக்கு இன்றியமையாதது என்று கல்லூரி முதல்வர் சான்று தரவும் வேண்டும். கலை, அறிவியல் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ படிக்கும் மாணவர் அவ்வரம்புக்கு வெளியே நின்றனர். 2021ஆம் ஆண்டில் வந்த விதிகள் தனித்தனிப் படிகளை நீக்கிக் கல்விப்படி என்று ஒரே தொகையாக்கின. அத்தொகையில் உணவுக்கும் நூலுக்கும் பேருந்துக்கும் போக, தீவுக்குச் செல்ல என்ன எஞ்சும் என்பதை ஏழை வீட்டு மாணவரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

தீவின் இன்றைய நிலை

தீவும் முன்போல் இல்லை. பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. 1986ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டில் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. பவளமும் கடல் அட்டையும் 2001ஆம் ஆண்டில் சட்டப் பாதுகாப்புப் பெற்றன. முற்காலத்தில் மாணவர் ஆளுக்கொரு சாடி நிறைய உயிரினங்களை அள்ளிவந்தனர். அவ்வழக்கமும் தீவைத் தேய்த்த காரணங்களுள் ஒன்று. இன்று வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். பார்க்கலாம், வரையலாம், எழுதலாம். எடுத்து வருதல் கூடாது.

இக்காப்பு நன்றே. ஆனால் அதன் சுமை முதலில் ஏறியது எவர் தோளில் என்பதையும் கூறவேண்டும். தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளைச் சுற்றிப் பாசி சேகரித்துப் பிழைத்த ஏழைப் பெண்கள், ஒரு நாள் திடீரென்று அத்துமீறுவோர் ஆயினர். அவர்கள் வாளாவிருக்கவில்லை. கூடிப் பேசினர், பாறையைச் சிதைக்கும் இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையாலேயே பாசி எடுத்தனர், மாதத்தில் கடலில் இறங்கும் நாள்களையும் தாமே குறைத்துக்கொண்டனர். அவர்களை ஒன்றுதிரட்டியவருள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டில் தீவுகளைக் காப்போர்க்கு வழங்கப்படும் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது. கடலோரத்து ஏழைப் பெண்ணின் அறிவை உலகம் பெயர் சொல்லிப் போற்றியது. தர்ஸ்டன் காலத்தில் நிகழாதது அது.

நம் வாயிலில் உள்ள கழிமுகம்

குருசடைக்குச் செல்ல இயலாதவர் என்ன செய்வது? மீண்டும் அடையாற்றங்கரைக்கு வருவோம்.

சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கோபால ஐயரும் அவருடைய மாணவர் பணிக்கரும் சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி 1937ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்களுக்கு ஆய்வுக்களமாக அமைந்தவற்றுள் முதன்மையானது அடையாற்றுக் கழிமுகமே. கோடையில் மணல் வாயை அடைத்து உப்பு மிகுவதும், மழைக்காலத்தில் வெள்ளம் வந்து நீர் நன்னீராவதும், இவ்விரண்டையும் தாங்கி இறாலும் நண்டும் எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்பதும் அவர்களுடைய ஆராய்ச்சிக்கு உட்பட்டன. ஊரூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் அன்றாடம் கண்ட காட்சிதான் அது. அச்சேற்றிலிருந்து தொடங்கிய பணிக்கர், பின்னர் மண்டபம் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகவும், 1966ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கடலாய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநராகவும் உயர்ந்தார்.

சேறு நம் வாயிலில் இருந்தது. காட்சியும் நம் கண்முன் நடந்தது. அதைக் கேள்வியாக மாற்றி எழுதும் பயிற்சி மட்டுமே நம்மிடம் வந்து சேரவில்லை. ஒடுக்கப்பட்டோர்க்கு அறிவுத்திறன் இல்லை என்போர்க்கு இதுவே விடை.

பிற்காலத்தில் கழிமுகத்தில் நகரத்தின் கழிவுநீர் கலந்தது. கரையில் குடிசையிட்டு வாழ்ந்த நம் மக்களுள் பலர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டனர். 2011ஆம் ஆண்டில் அடையாற்றுக் கழியில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டு, கண்டலும் பிறவும் நடப்பட்டன. பெயர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் இன்று வாழ்வதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில். 2022ஆம் ஆண்டில் அச்சதுப்பு, ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எங்குச் சென்றாலும் நம்மவர் குடியிருப்பு தண்ணீரின் ஓரத்திலேயே அமைகிறது. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அதுவே. அந்நீரைப் பற்றிய அறிவில் நாம் முதலிடம் பெற்றால், நம் குடியிருப்பை எங்கே அமைப்பது, எங்கே அமைக்கலாகாது என்று அரசிடம் சான்றுடன் வாதிடவும் இயலும்.

நம் கடமை

ஆகவே வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, அறிவியல் பயிலும் நம் மாணவர் எவரும் பணமின்மையால் கல்விச் சுற்றுலாப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளும் நிலை இனி வரக்கூடாது. இதற்கெனச் சிறு நிதியொன்றைச் சங்கம் தனியே ஒதுக்க வேண்டும். மாணவர் வந்து கைநீட்டிக் கேட்கும்படி விடாமல், பட்டியல் ஒட்டப்படும் மாதத்தில் சங்கமே அவர்களைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லும் பிள்ளையின் உண்மையான நோயை நாம் அறிவோம்.

இரண்டாவது, பள்ளி மாணவரை மாதம் ஒரு ஞாயிறு அடையாற்றுக் கழிமுகத்துக்கோ பள்ளிக்கரணைக்கோ அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறே நாள், நேரம், இடம் குறித்து எழுதப் பழக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் பேருந்துக் கட்டணமுமே.

மூன்றாவது, நம் முதியோரிடம் உள்ள நீரறிவை எழுதி வைக்க வேண்டும். மீனின் பெயர், பாசியின் பெயர், காற்றின் பெயர், வெள்ளம் வந்த ஆண்டு ஆகியவற்றைச் சொன்னவரின் பெயரோடு பதிய வேண்டும். பெயரில்லாமல் எடுத்துக்கொள்ளும் பழைய முறையை நாம் பின்பற்றலாகாது.

பாம்பனில் 1914ஆம் ஆண்டின் பாலம் ஓய்வுபெற்று, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டுள்ளது. இரயில் மீண்டும் கடலைக் கடந்து செல்கிறது. அதில் நம் பிள்ளைகளும் செல்லட்டும். நம் முன்னோரை அளந்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. இனி நம் பிள்ளைகள் அக்கரையில் முழங்கால் நீரில் நின்று, நீரின் ஆழத்தையும் அதன் சூட்டையும் பவளத்தின் வளர்ச்சியையும் தாமே அளந்து, தம் பெயரிட்டு எழுதட்டும். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், குருசடையைப் பற்றியோ அடையாற்றைப் பற்றியோ நம் மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வு நூல் நம் படிப்பக அலமாரியில் இருக்குமாயின், இவ்வெள்ளிவிழாவின் பயன் முழுமையாக நிறைவேறியதெனக் கொள்வோம்.